சிரித்த பாதி

பூனாவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹர்ஷா அந்த சிடியைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டினான். கம்ப்யூட்டர் அதைக் கரகரவென்று மென்றது, யோசித்தது, பிறகு டிரைவில் சிடி போடுமாறு பணிவாகக் கேட்டுக்கொண்டது.

"போட்டுத்தானே இருக்குது?" என்றாள் அம்மா சியாமளா, பின்னால் நின்றபடி.

"அது அதுக்குத் தெரியலம்மா."

ஹர்ஷா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஆகவே மிக்ஸி நின்றாலும் கீசர் சுடாவிட்டாலும் வீட்டில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சிடி என்ற சமாச்சாரம் சிலபஸில் எங்குமே வரவில்லை என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை எதற்கு அனாவசியமாகக் கெடுக்க வேண்டும்?

சிடிக்குள் இருந்தது அப்பிச்சி, அம்மாவின் அப்பா சுப்ரமணியன். கோயம்புத்தூர்ப் பக்கம் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் போட்டோவிலும், எதிரே நிற்பவனிடம் பட்டா கேட்கிற முகம்தான். கல்யாண போட்டோவில்கூட அம்மாயியிடம் ஏதோ ஆவணம் கேட்பதுபோல்தான் நிற்பார். சிரித்தது ஒரே ஒரு தரம், அஞ்சு வருஷத்துக்கு முன்னால் பூனா வந்தபோது. கடக்வாஸ்லா அணைக்கரையில் புட்டா என்று விற்கும் சுட்ட மக்காச்சோளம் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு கடி கடித்தார். பல்செட் சோளக்கதிரிலேயே தங்கிவிட்டது. கதிரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பொக்கை வாயைத் திறந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். யாருடைய டிஜிட்டல் கேமராவிலோ அது பதிந்தது. சிடியில் ஏற்றிய கையோடு கேமராவில் அழித்துவிட்டார்கள்.

போன வருஷம் அப்பிச்சி போய்விட்டார். வருகிற வாரம் தலைத்திவசம். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும் என்று கல்யாணசுந்தரம் மாமா ஊரிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். "எங்கப்பன் சிரிச்சதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி" என்பது அவர் கட்சி.

ஹர்ஷா சிடியைச் சட்டையில் துடைத்துப் போட்டான். தலைகீழாகப் போட்டான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்கு ஃபேக்டரி கிளம்பிக்கொண்டிருந்த அப்பா பாலச்சந்திரன், "தட்டிப் பாரு" என்று தன் துறையின் அனுபவத்தை வழங்கிவிட்டுப் போனார். தட்டியும் பார்த்தான்.

கடைசியில் சிடியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். நடு ஓட்டைக்கும் ஓரத்துக்கும் இடையே ஒரு பொட்டு அளவுக்கு வெள்ளி உரிந்து, வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. நல்ல வட்டமான பொட்டு.

"அம்மா, இதுல என்ன வெச்ச?"

"என்னத்த வெப்பாங்க? சந்தனமும் குங்குமமும்தான். ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டருக்கு, மிக்ஸிக்கு, உன்ற புஸ்தகத்துக்கு எல்லாத்துக்கும் வெக்கறனே, அதுக்கு மட்டும் வெக்காம உடுவனா?"

"கவர் மேல வெச்சிருக்கலாமில்ல?"

"கவருக்கு வெச்சா எங்கப்பனுக்கு வெச்ச மாதிரி ஆகுமா?"

"வருஷா வருஷமா?"

"பழசை ஈரத்துணில நல்லா அழுத்தித் தொடச்சுப்போட்டுத்தான் புதுசு வெப்பேன்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "பளபளன்னு இருக்கற பக்கத்தைத் தொடாத, எழுதியிருக்கற பக்கத்துல என்ன வேணாலும் பண்ணுன்னு சொன்னது நீதான்டா. நான் அந்தப் பக்கம் வெரலே வெக்கல" என்றாள்.

உண்மை. சொன்னது அவன்தான். வெள்ளிப்பூச்சு எழுதியிருக்கிற பக்கத்தில்தான், ஒரு தோல் கனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவனுக்கே இப்போதுதான், ஓட்டை வழியாகத் தெரிந்தது.

சிடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு மகர்பட்டாவிலிருந்த நண்பன் ஜோஷுவாவின் அறைக்குப் போனான். ஜோஷுவாவிடம் புது டிரைவும், எங்கிருந்தோ இறக்கிய மீட்பு சாஃப்ட்வேரும் இருந்தன.

"சந்தனமாடா?" என்றான் ஜோஷுவா.

"ம்."

"எங்க வீட்டுல பிரேயர்தான் பண்ணுவாங்க. டிஸ்க்குக்கு சேஃப்."

டிரைவ் மதியம் முழுக்க முனகியது. பெரும்பாலான படங்கள் திறக்கவே இல்லை. புட்டா வண்டிக்காரர் ஒருவர் முழுதாகக் கிடைத்தார். யாரோ ஒருவரின் செருப்பு, துல்லியமாக. அப்புறம் அந்தப் படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக வர ஆரம்பித்தது. நரைமுடி. நெற்றியில் மூன்று கோடு. புருவம். கண். மூக்கு. மூக்கு நுனியோடு நின்றது. அதற்குக் கீழே சிமெண்ட் பூசியதுபோல் ஒரே சாம்பல்.

ஜோஷுவா இன்னொரு முறை ஓட்டினான். அதே மூக்கு, அதே சிமெண்ட்.

வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகி அம்மாவிடம் காட்டினான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். சாம்பலை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். ஃபோன் அடித்தது.

"கெடச்சுதா கண்ணு?" ஸ்பீக்கரில் மாமா.

"பாதி கெடச்சுதுங்ணா."

"எந்தப் பாதி?"

சியாமளா மறுபடி பார்த்தாள். கண் சுருங்கி, புருவம் நெரிந்து, அப்பிச்சி யாரிடமோ பட்டா கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்ததெல்லாம் வாய்தான் போலிருக்கிறது.

"நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கற பாதிங்ணா."

அந்தப் பக்கம் மழைபோல் ஓர் இரைச்சல். அங்கேயும் மழையோ, லைனோ. "சரி, அந்த ரிட்டையர்மென்ட் போட்டோவையே மாட்டிக்கறேன்" என்று மாமா வைத்துவிட்டார்.

சியாமளா சிடியை எடுத்து, முந்தானையால் வட்ட வட்டமாகத் துடைத்தாள். சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும் என்று ஜோஷுவா சொல்லியிருந்தான். ஹர்ஷா அதைச் சொல்ல வாயெடுத்தான். போன தடவை தான் சொன்ன யோசனை ஞாபகம் வந்து, கம்ப்யூட்டரை அணைக்கப் போனான்.