நாலு கோணி இருட்டு

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் திருட வெட்கமில்லை. திருடியதைத் திருப்பித் தருவதற்குத்தான் வெட்கம் வந்துவிடுகிறது. அதற்கு ஒரு இருட்டு வேண்டியிருக்கிறது. லாசர் இதை டீக்கடையில் சொன்னார், களத்துமேட்டில் சொன்னார், கடைசியில் கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வல்லம் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் பெரிய வெள்ளிக்கிழமைக்கு ஒரு வழக்கம் உண்டு. உச்சிப்பொழுதில் கோயில் சன்னல்கள் நாலிலும் கோணியைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, மெழுகுவத்தியை அணைத்துவிடுவார்கள். சேசுநாதர் சிலுவையில் தொங்கியபோது பட்டப்பகலில் உலகம் இருண்டதே, அந்த இருட்டு. ஜனங்கள் முழங்கால் போட்டு, தொண்டை கிழிய செபமாலை சொல்வார்கள். அடுத்தவர் பொருளை எடுத்து வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அந்தச் சத்தத்துக்குள் தவழ்ந்து முன்னால் போய், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் காலடியில் அதை வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம். யார் வைத்தது என்று கேட்கக் கூடாது. இதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

லாசருக்குக் காணாமல் போனது ஆயில் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில். கிணறு பங்காளிக் கிணறு. எஞ்சின் மட்டும் அவருடையது. இறைக்கிற தண்ணீரில் பாதி, செத்துப்போன தம்பியின் மகன் கிறிஸ்துதாஸின் கழனிக்குப் போகும். ஹேண்டில் எஞ்சின் கொட்டகையில்தான் கிடக்கும். ஒருநாள் காலையில் போனால் காணோம். கொட்டகைக்கு வந்துபோகிறவன் வேறு யார்? கிறிஸ்துதாஸ்தான். லாசருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அதிலிருந்து தினமும் பக்கத்துக் கழனிக்காரர் தாண்டவராயன் வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. அந்த மனுஷர் தன் ஹேண்டிலை யார் கையிலும் தரமாட்டார். தானே கொண்டுவந்து சுற்றிவிட்டுத் தானே எடுத்துப் போவார். போகும்போது, "இன்னா லாசரு, எஞ்சின் உன்து, உசுரு என் கைல கீது," என்று சிரித்துவிட்டு வேறு போவார்.

லாசர் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார்: "பெரிய வெள்ளிக்குள்ள ஹேண்டிலு வரணும். வரலன்னா அவன் வாய்க்கால அடைச்சிடுவேன்." கிறிஸ்துதாஸின் நெல் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் நின்றால் அந்த வருஷத்து நெல் பதராகத்தான் போகும். அவன் பெண்டாட்டி வேறு மாசமாக இருந்தாள்.

"நான் எடுக்கல பெரியப்பா," என்றான் கிறிஸ்துதாஸ். ஒரே தடவைதான் சொன்னான். அப்புறம் பேசவே இல்லை. பேசாதவனை லாசருக்கு இன்னும் சந்தேகம்.

வியாழக்கிழமை சாயந்திரம் உபதேசியார் சூசைநாதன் வீடு தேடி வந்தார்.

"இருட்டுல கையப் புடிப்பேன்னு சொன்னியாமே லாசரண்ணே?"

"ஆமா. சுரூபத்துக்குப் பக்கத்துலயே குந்திக்கினு இருப்பேன். கை நீண்டா புடிச்சு, பேரச் சொல்லிக் கத்துவேன்."

"அது வழக்கமில்லண்ணே. அது ஆண்டவரோட தீர்ப்பு நேரம்."

"ஆண்டவரு எங்க இருட்டாக்குறாரு? நீதான கோணிய மாட்டுற?" லாசர் விடவில்லை. "சரி, உன் வேதத்துலயே கேக்குறேன். எகிப்துல மூணு நாளு இருட்டு. பக்கத்துல கீறவன் மூஞ்சி தெரியல. ஆனா இஸ்ரவேல்காரன் வூட்ல மட்டும் வெளிச்சம். போன வருசம் நீதான வாசிச்ச? தப்பு பண்ணவனுக்கு இருட்டு, பண்ணாதவனுக்கு வெளிச்சம். நான் ஒரு தப்பும் பண்ணல. நான் எதுக்கு இருட்டுல குந்தணும்? என் பக்கத்து சன்னல மட்டும் தொறந்து வையி."

உபதேசியார் சிரித்தேவிட்டார். "அது எகிப்துண்ணே. சிலுவைக்கிட்ட அப்படி எழுதல. பூமி முழுக்க இருட்டுன்னுதான் எழுதிக்கீது. யார் வூட்டையும் விட்டுவைக்கல."

"நல்லாத்தான் பேசுற," என்றார் லாசர்.

அவர் மனைவி சவரியம்மாள் அடுப்படியிலிருந்து புளியும் உப்பும் மஞ்சளும் கலந்து காய்ச்சிய பத்தைக் கொண்டுவந்து, அவர் வலது மணிக்கட்டில் வழித்துப் போட்டாள். மாசியில் எஞ்சின் ஹேண்டில் திருப்பி அடித்ததில் வீங்கியது, இன்னும் வற்றவில்லை. இன்னொரு தடவை அடித்தால் எலும்பு தூளாகிவிடும் என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவளும், "அந்தப் பையனச் சுத்தச் சொல்லேன்யா, உன் கை போயிடும்யா," என்று சொல்லாத நாளில்லை. "அவன் கைல குடுத்தா நாளைக்கு எஞ்சினே என்துன்னுவான்," என்று இவரும் சொல்லாத நாளில்லை.

இப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் உச்சியில் கோணிகள் இறங்கின. நல்ல கெட்டிக் கோணிகள். கதவும் சாத்தியதும் தன் கையே லாசருக்குத் தெரியவில்லை. சுரூபத்தின் காலடியை இடதுகையால் தடவிப் பார்த்துக்கொண்டு குந்தினார். ஜனங்கள் கத்திச் செபம் சொன்னார்கள். ஏதோ ஒன்று ணங்கென்றது, செம்பாக இருக்கும். லாசர் அசையவில்லை. அவருக்கு வேண்டியது இரும்பு.

செபமாலையில் நாலாவது தேவரகசியம் சொல்லும்போது ஒரு மூச்சு கிட்டத்தில் வந்தது. தரையில் கனமாக ஒன்று மெல்ல உராய்ந்தது. லாசர் இடதுகையால் எட்டிப் பிடித்தார். மணிக்கட்டு. அந்தக் கையில் ஹேண்டில். வளைவும் துருவும் அவருக்குத் தெரியாதா? பேரைக் கத்த வாயைத் திறந்தார்.

அதே நேரம் பின்னால், கதவோரத்தில், கிறிஸ்துதாஸின் கட்டைக்குரல், "அர்ச்சியசிஷ்ட மரியாயே," என்று எல்லோரையும் முந்திக்கொண்டு ஒலித்தது.

பிடிபட்ட கை இழுத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து புளியும் மஞ்சளும் மணந்தது. காலையிலும் அவருக்குப் பத்துப் போட்ட கை.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விட்டார். சேலை உரசுகிற சத்தம் பெண்கள் பக்கம் போய் அடங்கியது. அதற்கப்புறமும் இருட்டு இருந்தது. செபமாலை இன்னும் முடியவில்லை. செபம் சொல்லவும் வரவில்லை, எழுந்து போகவும் வழி தெரியவில்லை. லாசர் குந்தியே இருந்தார்.

கோணிகளை எடுத்தார்கள். சுரூபத்தின் காலடியில் ஒரு பித்தளைச் செம்பு, ஒரு அரிவாள், ஹேண்டில். செம்பைப் பறிகொடுத்திருந்த கங்கம்மாள் வந்து அதை எடுத்துக்கொண்டாள். மற்ற எல்லோரும் ஹேண்டிலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கதவோரம் நின்ற கிறிஸ்துதாஸைப் பார்த்தார்கள். அவன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள்.

சவரியம்மாள் எழுந்துவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் லாசர் முந்திக்கொண்டார்.

"அவன் இல்ல," என்றார். "வச்ச கைய நான் புடிச்சேன். அது கிறிஸ்துதாஸ் இல்ல."

"பின்ன யாரு மாமா?" என்றது ஒரு இளவட்டம்.

"கேக்கக் கூடாதுன்னு வழக்கம் கீது, தெரியாதா? வாய மூடு."

ஹேண்டிலை இடதுகையால் தூக்கிக்கொண்டு நேரே கதவுக்குப் போய், தம்பி மகனிடம் நீட்டினார்.

கிறிஸ்துதாஸ் வாங்கவில்லை. "திருடன் கைல குடுக்குற, பெரியப்பா?"

"நாளைலேந்து நீதான் சுத்தணும். என் கை ஆவல." வலதுகையைத் தூக்கிக் காட்டினார். "சுத்தும்போது கட்டைவிரல மடக்கிப் புடிக்காத. திருப்பி அடிக்கும்."

அவன் அவருடைய வீங்கிய கையைப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.

உபதேசியார் கோணிகளைச் சுருட்டிக்கொண்டே கிட்ட வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தியா லாசரண்ணே? இருட்டு வந்தா தீர்ப்பும் வந்துடும். இப்பவாவது ஒத்துக்கிறியா?"

"நாலு கோணி," என்றார் லாசர். "நெல்லு புடிக்கிற கோணி. வேற ஒண்ணும் இல்ல."

வெளியே வெயில் கொளுத்தியது. கண்ணுக்குமேல் கையை வைத்து ஒருதடவை நிமிர்ந்து பார்த்தார். சூரியன் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு, வரப்பில் இறங்கி நடந்தார். கொஞ்சம் பின்னால் சவரியம்மாள் வந்துகொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை.