பொம்மை வண்டி

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்துவிட்டால் யாரும் சாப்பிட மாட்டோம். நயினார் என்னும் தமிழ்ச் சமணர் வீடுகளில் அப்படித்தான். அதனால் என் அண்ணன் சன்மதி கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அம்மா அப்பாவின் போனைப் பார்த்துத்தான் உலை வைப்பாள். அதில் நான் செய்த ஆப் ஓடும். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அதுதான் அண்ணனின் வண்டி.

அந்தப் புள்ளியை நம்பித்தான் அப்பா என்னைச் சென்னைக்கு அனுப்பச் சம்மதித்திருந்தார். பாலிடெக்னிக் முடிந்ததும் இன்ஜினியரிங், ஹாஸ்டல். அதுவரை வேண்டாம் என்றே சொல்லிவந்தவர், ஆப்பைப் பார்த்தபிறகு, "உன் போன்லயும் இதப் போட்டுக்க. நீ எங்க இருக்கேன்னு நான் இங்க இருந்தே பாத்துக்கறேன்" என்றார்.

அன்று பௌர்ணமி, ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம். சாயங்காலம் அண்ணன் போனில் "கிளம்பிட்டேன்" என்றதும் அப்பா ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

"ஊருக்குள்ள வந்துட்டான். தேரடித் தெருவுல போறான்."

"தேரடித் தெருவா? மத்தியானமே தட்டி வெச்சு அடைச்சுட்டாங்களே" என்றாள் அம்மா.

"போலீஸ்ல எவனாச்சும் தெரிஞ்சவன் இருப்பான். உம் புள்ளைக்குத்தான் ஊரெல்லாம் மாமன் மச்சான் ஆச்சே."

காலையில் நான் மாற்றி வைத்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

என் ஆப் வண்டியைத் தானாகத் தேடாது. திறக்கும்போது, இணையத்தில் நான் வைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும். அதில் 'நிஜ வண்டி' என்றிருந்தால், அண்ணன் வண்டியிலிருக்கும் போனின் இடத்தைச் சொல்லும் நிரல் அதன் கையில் கொடுக்கப்படும். 'பொம்மை வண்டி' என்றிருந்தால், நான் முன்பு பதிந்து வைத்த ஒரு பயணத்தைத் திரும்பச் சொல்லும் நிரல். எது வந்தாலும் வாங்கிப் புள்ளி வைக்கும். யார் கொடுத்தது என்று கேட்காது. அதற்கு டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று பெயர். கேட்காமல் இருப்பதுதான் அதன் நன்மை என்று வகுப்பில் சொன்னார்கள்.

காலையில் கல்லூரியில் ப்ராஜெக்ட் காட்டுவதற்காக 'பொம்மை வண்டி' என்று மாற்றினேன். திருப்பி மாற்ற மறந்துவிட்டேன்.

அறைக்குள் போய் ஃபைலைச் சரிசெய்து என் போனில் ஆப்பைத் திறந்தேன். புள்ளி ஊருக்குள் இல்லை. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, ஒரு ஏரிக்கரையில் நின்றது. மறுபடி மறுபடி பார்த்தேன். நகரவேயில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

டயர் மாற்றிக்கொண்டிருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். அப்பாவின் ஆப் ஏற்கனவே திறந்திருப்பது. மூடித் திறந்தால்தான் புது ஃபைலைப் படிக்கும். சத்தமில்லாமல் அதைச் செய்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

"போனக் குடுங்கப்பா, சார்ஜ் போடறேன்."

"ஃபுல்லா இருக்குது."

"ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தர்றேனே."

"உனக்குத்தான் தனியா ஒண்ணு இருக்குல்ல? டீக்கடையாண்ட நிறுத்திட்டான் பாரு. வீட்டுச் சோறு காத்திருக்கு, தொரைக்கு டீ கேக்குது."

அந்த டீயை அண்ணன் போன மாதம் குடித்தான். பயணத்தைப் பதிவு செய்ய நான்தான் கூடப் போயிருந்தேன். எனக்கும் பன் வாங்கிக் கொடுத்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் ஹாஸ்டல் போய்விடும் என்று தோன்றியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புள்ளி டீக்கடையை விட்டு நகர்ந்தது, எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

"தட்டு வைடி பிராமி, பொழுது போறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிடட்டும்" என்றாள் அம்மா. வைத்தேன். சோறும் புடலங்காய்க் கூட்டும் அவளே பரிமாறினாள். புள்ளி எங்கள் வாசலில் வந்து நின்றது.

அப்பா எழுந்துபோய்க் கேட்டைத் திறந்தார். தெருவைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நாலு எட்டு வைத்து, வண்டி நிற்கவேண்டிய இடத்திலேயே போய் நின்றார்.

"இங்கதான் நிக்குதுன்னு காட்டுதே."

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கி, ஆப்பை மூடித் திறந்தேன். புள்ளி ஏரிக்கரைக்குத் தாவியது.

"ஹேங் ஆயிருச்சுப்பா" என்றேன்.

அவர் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் திருமலை அண்ணனின் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அம்மா தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள்.

ராத்திரி வெகுநேரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா கூப்பிட்டார். பெரிய ரோட்டில் கூட்டம் என்று அண்ணன் ஏரிக்கரை வழியாக வந்திருக்கிறான். கயிறு தளர்ந்ததைக் கட்ட இறங்கியவன் மேல் மூட்டைகள் சரிந்து கால் மாட்டிக்கொண்டது.

"எலும்பு விரிசல் விட்டிருக்குது, வேற ஒண்ணுமில்ல. உன் ஆப்பு இல்லன்னா விடியறவரைக்கும் கெடந்திருப்பான். நீ தைரியமா சென்னைக்குப் போம்மா. இந்தா, அவன் பேசணும்ங்கறான். நான் மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்."

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"வண்டி நம்ம வீட்டு வாசல்ல நின்னுச்சாமே. பொம்மை வண்டியா?"

அந்தப் பெயரை வைத்ததே அவன்தான்.

"ஆமாண்ணா."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

அம்மாவுக்குக் கேட்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன். தேரடித் தெரு, ஏரிக்கரை, சார்ஜ் போடுகிறேன் என்றது, ஹாஸ்டல், எல்லாம்.

"நீ கூப்பிட்டப்ப மணி அடிச்சுது. போன் வண்டிக்குள்ள இருந்துச்சு. கத்திப் பாத்தேன், ஒருத்தனும் வரல" என்றான். "சரி, அப்பா பாத்துக்கிட்டுதான இருப்பாரு, வண்டி நிக்கறது தெரிஞ்சா வந்துடுவாருன்னு கெடந்தேன்."

துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தேன்.

"அழுவாத. நான் அவர்கிட்ட சொல்லல. நீ கிளம்பற வேலையைப் பாரு."

சென்னையில் நான் ஒரு புள்ளியாக இருப்பேன். அப்பா தினமும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போவார்.

"அப்பா வந்துட்டாராண்ணா?"

"அதோ வர்றாரு."

"அவர்கிட்ட குடு."

"லூசாடி நீ? போ, போய்த் தூங்கு."

"குடுண்ணா."

போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"என்னம்மா," என்றார் அப்பா, "இன்னும் தூங்கலையா?"