அரை சென்டிமீட்டர் பொய்

வாலிபால் அணியில் அவளை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரம். இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆன பிறகு, பயிற்சிக்காக ஒற்றைக்காலில் நின்று பல் தேய்க்கும்போது அந்தப் பெயரை நினைத்துச் சிரிப்பு வரும். கூடச் சிரிக்கத்தான் அறையில் ஆளில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. நாள் முழுக்க இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காந்து செய்ம்மா, லென்ஸ் எங்கயும் ஓடிடாது" என்றார். அன்று முழுவதும் அவளிடம் வேறு யாரும் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை.

பத்தாவது மாதத்தில்தான் பிசியோதெரபி அம்மா குதிக்க அனுமதித்தார். அதுவும் இருபது முறை.

"மறுநாள் காலையில எந்திரிச்சதும் டேப் வச்சு ரெண்டு முட்டியையும் அளந்து பாரு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்தா எனக்குப் போன் பண்ணு. வலி இல்லன்னாலும் பண்ணணும்."

மூன்று வாரம் சொன்னபடி கேட்டாள். நான்காவது வாரம் லீக் ஆட்டத்தில் ஆள் குறைந்தது. "ஒரே ஒரு செட், கொக்கு" என்றாள் கேப்டன். ஒரு செட் மூன்று செட்டானது. ஜெயித்தார்கள். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். இத்தனை மாதத்தில் அவளை யாரும் தொட்டது என்றால் அது சிகிச்சைக்காக மட்டும்தான்.

காலையில் முழங்கால் பன்னு மாதிரி உப்பியிருந்தது. டேப்பில் இரண்டு முட்டிக்கும் இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம். போன் செய்தாள்.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அரைதான்."

"அப்ப சரி. பயிற்சியத் தொடர்ந்து பண்ணு."

பண்ணினாள். ஐந்தாம் நாள் பஸ் படியில் ஏற முழங்கால் மடங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, ஒதுங்கி நின்றாள். பஸ் போய்விட்டது. அவள் நேரே கிளினிக்குக்கு நடந்தாள்.

பிசியோதெரபி அம்மா முழங்காலின் உட்பக்கத்தை உள்ளங்கையால் மேலே வழித்துவிட்டார். வெளிப்பக்கம் தட்டியதும் நீர் அலைபோலத் திரும்பி வந்து புடைத்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.

"இது அரை சென்டிமீட்டர் இல்லையே."

"இல்ல. ரெண்டரை. மேட்ச் ஆடினேன்."

"ஏம்மா மறைச்சே?"

"உண்மையச் சொன்னா வீட்டுல இருன்னு சொல்வீங்க." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வீட்டுல யாரும் இல்ல மேடம்."

அந்த அம்மா காய்ச்சலோ முழங்காலில் சூடோ இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, சுருள் பேண்டேஜை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். "குதிக்கவும் ஓடவும்தான் வேணாங்குறேன். ஐஸ் வை, காலைத் தலகாணி மேல தூக்கி வை, தொடைப் பயிற்சிய விடாதே. சைக்கிள் ஓட்ட இங்க வா. தெனமும் வா."

தினமும் போனாள். ஆனால் மைதானப் பக்கம் போகவில்லை. அணியின் வாட்ஸ்அப் குழுவில் "கொக்கு எங்கே?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆட்டத்தின் பேச்சு மேலே வந்து விழ, எழுதியதை அழித்தாள். ஞாயிறுகளில் வெளியூர் அக்கா போனில் கேட்பாள், "கால் எப்படிடி இருக்கு?" "நல்லாத்தான் இருக்கு" என்பாள். அத்தோடு அந்தப் பேச்சு தீர்ந்துவிடும்.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. முழங்கால் சில்லுக்குப் பக்கத்திலிருந்த பள்ளம் மறுபடி தெரிந்தது. அதைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. திரும்பவும் இருபது, பிறகு முப்பது, ஐம்பது என்று குதிப்பு ஏறியது. ஒவ்வொரு காலையும் உள்ள அளவை உள்ளபடியே சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செட் ஆட அனுமதி கிடைத்ததும் கேப்டனிடம் போனாள். "ஒரு செட் ஆடுவேன். ஒண்ணே ஒண்ணு. நீ கெஞ்சினாலும் ரெண்டாவது கிடையாது."

ஆடினாள். அந்த செட்டை ஜெயித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். அடுத்த இரண்டையும் அணி தோற்றது. "இன்னும் கொஞ்சம் ஆடியிருக்கலாம்" என்று யாரோ அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். இந்த முறை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் ஞாயிறு. முழங்கால் வீங்கவில்லை. அக்காவுக்கு இவளே போன் செய்தாள்.

"நடுவுல மூணு வாரம் கால் வீங்கிக் கிடந்துச்சுக்கா. உங்கிட்ட சொல்லல. இப்ப சரியாயிடுச்சு."

"நான் கெளம்பி வரட்டுமாடி?" என்றாள் அக்கா.

"வேணாம். வச்சிடாம பேசிட்டிரு, போதும்."

அக்கா தன் வீட்டு வாஷிங் மெஷின் பழுதான கதையை ஆரம்பித்தாள். கொக்கு கட்டிலில் சாய்ந்து, காலை நீட்டி, முழுக்கக் கேட்டாள்.