மதிலில் மோதிய மஞ்சள் கார்

எனக்கு அந்தக் கார் வேண்டும். இதைச் சொல்ல வெட்கமும் இல்லை, சுற்றி வளைக்கப் பொறுமையும் இல்லை. இரண்டே சீட், தரையோடு தரையாக உட்கார்ந்த உடம்பு, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். ஒரு பல் டாக்டர் அதை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கினாலும் தூக்கம் வரவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இருபது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடியப் பாரு, கிளட்ச விடு, ஐயோ அந்த சைக்கிள்காரன விட்டுடு" என்று தொண்டை கிழியக் கத்துவதுதான் என் பிழைப்பு. என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அது போதாதென்று ஹேண்ட்பிரேக்கையும் அடிக்கடி இழுப்பேன். அதனால் என் மாணவர்கள் எனக்கு 'ஹேண்ட்பிரேக் அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்த நான், ஆசைப்பட்டு ஒரு வண்டியை ஓட்டியதே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர். முழுசாக இருக்கிற வண்டியைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஷோரூமில் நிற்கிற புத்தம் புதுக் காரைக் காட்டினாலும், "பம்பர் சீக்கிரம் போயிடும்" என்பார். மஞ்சள் காரின் ஜாதகத்தை ஒரே நாளில் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு தடவ கிளட்ச் மாத்தியிருக்கு. ஒரு தடவ எஞ்சின் சூடாகி நடுரோட்ல நின்னிருக்கு. அதெல்லாம்கூடப் போகட்டும். பிரேக் பிடிக்காம மதில்ல போய் மோதியிருக்கு. முன்பக்கம் முழுக்கப் புதுசு."

"புதுசுன்னா நல்லதுதானே?"

"விளையாடாத. பிரேக் பிடிக்காத வண்டில உன்ன உட்கார விடமாட்டேன். ஏன் பிடிக்கலன்னு தெரியணும். தெரிஞ்சுதுன்னா வாங்கிக்கோ, நான் அப்புறம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். தெரியலன்னா விட்டுடணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஓட்டை வண்டியை வாங்கி ஏமாந்த டிரைவிங் டீச்சர் என்று என் மாணவர்களே கைகொட்டிச் சிரிப்பார்கள் என்பதும் தெரியும். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் வீட்டுக்குப் போனோம். மெதுவாகப் பேசுகிற, நல்ல உயரமான மனுஷர். விடுமுறை நாளிலும் பளபளவென்று கனமான ஷூ போட்டுக்கொண்டு நின்றார். எதையும் மறைக்கவில்லை.

"மூணு மெக்கானிக் பார்த்துட்டாங்க மேடம். பிரேக் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா எனக்கு மட்டும் பிடிக்கமாட்டேங்குது. நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினார்.

நான் விறுவிறுவென்று காரைச் சுற்றிப் போனேன். கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ம், கண்ணாடியப் பாருங்க, கிளம்பலாம்" என்றேன்.

டாக்டர் நீட்டிய சாவியோடு வெளியே நின்று திருதிருவென்று விழித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் வாங்க வந்தவள், பழக்க தோஷத்தில் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

இறங்கி மாறினால் மானம் போய்விடும். "முதல்ல ஓனர் ஓட்டறதப் பார்க்கணும் டாக்டர், அதுதான் முறை" என்று ஒரே போடாகப் போட்டேன். அப்படி ஒரு முறை உலகத்தில் எங்கேயும் கிடையாது. டாக்டர் நம்பி ஏறினார்.

தெருமுனை திரும்புவதற்குள் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. மனுஷர் இடது காலைக் கிளட்சிலிருந்து எடுக்கவே இல்லை. ஏதோ கால்மணை போல அதன்மேல் வைத்துக்கொண்டே ஓட்டினார். இரண்டு கிளட்ச் தேய்ந்ததில் என்ன அதிசயம்? எஞ்சின் கதறக் கதற இரண்டாவது கியரிலேயே போனார். சூடாகாமல் என்ன செய்யும்?

இறக்கத்தில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. டாக்டர் மிதித்தார். கார் நிற்கவில்லை, உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. என் கால் தானாக என் பிரேக்கைத் தேடி வெறும் தரையை உதைத்தது. கைக்குத் தெரிந்ததைக் கை செய்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்த இழுப்பில் கார் குலுங்கி, எஞ்சின் இருமி, ஒரு குப்பைத் தொட்டிக்கு முன்னால் நின்றது.

"பார்த்தீங்களா! அன்னிக்கும் இதேதான்! சத்தியமா பிரேக்கதான் மேடம் மிதிச்சேன்!" டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கால எடுக்காதீங்க. அப்படியே வச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாருங்க."

இந்த மாதிரிக் கார்களில் பெடல்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல இருக்கும். டாக்டரின் ஷூ படகு மாதிரி. பாதி பிரேக்கின் மேலும் பாதி ஆக்ஸிலேட்டரின் மேலும் உட்கார்ந்திருந்தது. மெக்கானிக்குகள் செருப்போடு ஓட்டிப் பார்த்திருப்பார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"வண்டி மேல ஒரு தப்பும் இல்ல டாக்டர்!" என்று கூவிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். சும்மா இருந்தேனா? திரும்பி வருகிற வழி முழுக்கக் கிளட்ச், கியர், ஷூ என்று ஒன்று விடாமல் பாடம் நடத்தினேன். நான் சொல்லச் சொல்ல அவர் ஓட்ட, கார் வழுக்கிக்கொண்டு போனது. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அவர் ஸ்டீயரிங்கைத் தடவிக் கொடுத்தார்.

"அப்போ இத நான் எதுக்கு விக்கணும்?" என்றார்.

என் வாயை ஊசி நூல் போட்டுத் தைத்திருக்க வேண்டும்.

"ஷூவ மாத்திட்டு, நீங்க சொன்ன மாதிரி பழகினா போதுமா மேடம்?"

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று என் முகத்தையே பார்த்தார். 'போதாது, இது உங்களுக்குச் சரிப்படாது' என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் நம்பியிருப்பார். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஓட்டத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவரிடம் 'உங்களால் முடியாது' என்று சொல்லி நான் இதுவரை அனுப்பியதில்லை.

"போதும்" என்றேன், கோபமாகத்தான். "ஒரு மாசம் பழகினா நல்லாவே ஓட்டுவீங்க. ஆனா எனக்கு இந்த வண்டி வேணும் டாக்டர். ரொம்ப வேணும். அதையும் சொல்லிட்டேன்."

டாக்டர் காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் வந்ததும் நின்றார்.

"இத்தன நாள் வண்டி மேல பழிய போட்டுட்டு நிம்மதியா இருந்தேன். வண்டில குறைன்னா ஒர்க்ஷாப்ல விட்டுடலாம். என் கால்தான்னு தெரிஞ்சப்புறம் இதுல ஏற மனசு வரல. கத்துக்கறேன் மேடம், ஆனா இதுல வேண்டாம். நீங்க கத்துக்கொடுக்கிற, உங்க காலடில ஒரு பிரேக் இருக்கிற வண்டில."

சாவியை என் கையில் வைத்து மூடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், தான் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

அடுத்த வாரமே எழுத்து வேலையெல்லாம் முடிந்து கார் என்னுடையதாயிற்று. இந்தத் தடவை சரியான பக்கம் ஏறினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊரைச் சுற்றிப் போகிற பெரிய ரோட்டில் மூன்றாவது, நான்காவது என்று கியரை மாற்ற மாற்றக் கார் நான் நினைத்ததைச் செய்தது. யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

எங்கள் தெரு வந்தது. எங்கள் கேட்டும் வந்தது.

"வீடு வந்துடுச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியும்" என்றேன். நிறுத்தவில்லை.