டினேஷின் பொய் நேர்த்தி

கிட்ட வந்து இருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இது உரத்துச் சொல்லக்கூடிய கதை இல்லை. ஆண்கள் எழும்பிப் போக வேண்டாம், உங்களுக்காகத்தான் சொல்ல வந்தேன். பெண்களும் இருங்கள், இந்தக் கதையில் நோவின் தடயத்தை முதலில் பிடித்தவள் ஒரு பெண். புனித அந்தோனியாரின் பெயரால் பொய் சொன்ன ஒருவனுக்கு அந்தப் பொய்யே எப்படி உதவிக்கு வந்தது என்று சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். டினேஷே இப்போது சிரிக்கிறான்.

டினேஷுக்கு நாற்பத்தொரு வயது. நெடுந்தீவில், குருசுமுத்து என்ற மூத்தவரோடு பங்குக்கு ஒரு பைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவன். பின்பக்கத்தில், இயந்திரத்தின் பிடியைப் பிடித்தபடி குறுக்குப் பலகையில் இருந்து படகை ஓட்டுவது அவன்தான். மெத்தையும் இல்லை, துணியும் இல்லை, வெறும் பலகை. அலை தூக்கிப் போடும்போதெல்லாம் அது கீழிருந்து குத்தும். பதினாறு வயதிலிருந்து அதிலே இருந்தவனுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரிந்ததில்லை.

முந்தின வருட மாரியில்தான் தொடங்கியது. இரண்டு காலுக்கும் நடுவில், ஒரு கல்லின் மேல் இருப்பதுபோல ஒரு நோ. அடிவயிற்றிலும் ஒரு பாரம். சிறுநீர் கழிக்க நின்றால் சலம் வராது. வந்தால் எரியும், பாதியில் நிற்கும், முடிந்துவிட்டது என்று திரும்பினால் இன்னும் இருக்கிறது என்று சொல்லும். மனைவி அஞ்சலாவோடு சேர்ந்திருந்த பிறகு இரண்டு நாளுக்கு நோ கூடும். அதுதான் அவனை மிகவும் பயமுறுத்தியது.

வாய் திறந்தது ஒரே ஒரு முறை, குருசுமுத்துவிடம். கீழ்ப்பக்கம் எரிகிறது என்று மட்டும் சொன்னான். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கையாவது போய்க் கீய் வந்தனியோடா?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு இரக்கப்பட்டு, தன் பல்லு வீங்கியபோது டொக்டர் கொடுத்ததில் மிஞ்சிக் கிடந்த ஐந்து குளிசைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்தையும் விழுங்கினான். நோ அப்படியே இருந்தது. அந்தப் பகிடி மட்டும் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது. கூடத் தொழில் செய்கிறவரே இப்படிக் கேட்டால் அஞ்சலா என்ன நினைப்பாள்? அது போதாதென்று அவனுடைய தகப்பன் ஆறு வருடங்களுக்கு முன்னர் சலம் அடைத்து, குழாய் போட்டு, கடைசியில் புற்றுநோய் என்று தெரியவந்து செத்தவர். தனக்கும் அதுதான் என்று டினேஷ் முடிவு கட்டிவிட்டான். இல்லையென்றால் தொற்றுகிற ஏதோ ஒன்று. எதுவாக இருந்தாலும் அவளிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்று நினைத்தான்.

அந்த நேரம் பார்த்துத் திருநீற்றுப் புதன் வந்தது. கோவிலால் வந்தவன் நெற்றியில் சாம்பலோடு நின்று, கச்சதீவு அந்தோனியாருக்குத் தான் ஒரு நேர்த்தி வைத்திருப்பதாகவும், தவக்காலம் முடியுமட்டும் வேறு பாயில் படுக்கப் போவதாகவும் சொன்னான். என்னத்துக்கு நேர்த்தி என்று அஞ்சலா கேட்டாள். சொன்னால் பலிக்காது என்றான்.

அவள் நம்பினாள். நம்பியதோடு விடவில்லை. அவர்களுடைய வீடுகளில் ஒருவர் நேர்த்தி வைத்தால் குசினி அடுப்பும் சேர்ந்து நேர்த்தி வைக்கும். மிளகாய்த்தூள்ப் போத்தலைத் துணியால் கட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றினாள். தேத்தண்ணியும் இல்லை, இறைச்சியும் இல்லை. சாராயத்தைப் பற்றி நினைக்கவே கூடாது. கஞ்சி, பாற்கறி, மஞ்சள் போட்டு அவித்த மீன், குடிக்கத் தண்ணீர். புருசன் எதற்காக வைத்த நேர்த்தி என்று தெரியாமலே நாற்பது நாளும் அவளும் உறைப்பில்லாமல் சாப்பிட்டாள்.

இரண்டு கிழமை, ஒரு பதினாலு நாள் போக, நோ குறையத் தொடங்கியது. எரிவு போயிற்று. கச்சதீவுத் திருவிழாவுக்குப் படகில் போய் இறங்கிய டினேஷ் மணலில் முழங்காலில் நின்றான். நான் சொன்னது பொய், நோ குறைந்தது மெய், இதுக்கு நான் என்ன செய்ய என்று அந்தோனியாரிடமே கேட்டான். பொய் நேர்த்தியையும் ஏற்றுக்கொள்கிற புனிதரை நினைக்க அவனுக்கு நன்றியும் வந்தது, கொஞ்சம் நடுக்கமும் வந்தது.

தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறு, பாஸ்கா, வந்தது. மிளகாய்த்தூள்ப் போத்தல் கீழே இறங்கியது. செத்தல் மிளகாய் அரைத்துப் போட்ட ஆட்டிறைச்சிக் கறி, குருசுமுத்து கொண்டுவந்த அரைப் போத்தல், மூன்று நான்கு தேத்தண்ணி. செவ்வாய்க்கிழமை விடியும்போது அந்தக் கல் திரும்பவும் அதே இடத்தில் இருந்தது, முன்னரைவிடப் பெரிதாக. புனிதர் பொய்யைக் கண்டுபிடித்துத் தண்டிக்கிறார் என்று டினேஷ் நம்பினான். நேர்த்தி இன்னும் முடியவில்லை என்று அஞ்சலாவிடம் சொல்லிப் பாயைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனான்.

பாஸ்கா தாண்டியும் நீளுகிற நேர்த்தியை அவள் கேள்விப்பட்டதில்லை. ஒரு மாதம் பொறுத்தாள். அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை, அவள் கை பட்டால் விலகுகிறான். வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்று யோசித்தாள். தன்னை வெறுத்துவிட்டானோ என்றும் யோசித்தாள். கடைசியில் ஒரு பின்னேரம், நூல் கோத்து அவனுடைய சேட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் நாளைக்குப் போட்டிலை ஊர்காத்துறைக்குப் போறன். அம்மாவோடை இருக்கப்போறன். திரும்பி வாறது உங்கடை நேர்த்தி எப்ப முடியுதெண்டதைப் பொறுத்தது."

அவன் பதினான்கு வருடக் குடும்பம் ஒரு பயணப் பையில் அடங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தடுக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னாலும் அவள் போய்விடுவாள் என்று நினைத்தான்.

விடிய, பையை முற்றத்தில் வைத்துவிட்டு அவள் கோழிகளுக்குத் தீன் போடப் பின்பக்கம் போனாள். வளவின் மூலையில், முருகைக்கல் வேலியோடு டினேஷ் நின்றான். முதுகு இவள் பக்கம். இரண்டு கையும் கல்லைப் பிடித்திருந்தன, நெற்றியும் கல்லில் முட்டியிருந்தது. அவள் தீன் முழுவதையும் போட்டு முடித்தாள். அவன் இன்னும் அப்படியே நின்றான்.

"என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. நீர் போம். போட் வெளிக்கிட்டிடும்."

"போட் நாளைக்கும் ஓடும். என்ன செய்யுதெண்டு கேட்டனான்."

வேலியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். நோ, எரிவு, தகப்பனின் குழாய், குருசுமுத்துவின் பகிடி, ஐந்து குளிசை. "உமக்கும் தொத்திப்போடும் எண்ட பயத்திலைதான் தள்ளிப் படுத்தனான். நேர்த்தி எண்டு ஒண்டும் வைக்கேல்லை, அஞ்சலா. நான் ஒருதரிட்டையும் போகவுமில்லை."

அவள் வேலிக் கரையில் கிடந்த கல்லில் இருந்தாள். கையில் ஒட்டியிருந்த தீனைத் தட்டிவிட்டாள். பிறகு, "அப்ப நான் நாப்பது நாள் உறைப்பில்லாமல் திண்டது ஆருக்கு?" என்று கேட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் நொந்தது. அவளுடைய கண்ணில் நீர் நின்றது, ஆனாலும் வாய் ஓரத்தில் சிரிப்பும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தவக்காலத்திலும் இப்படித்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதா என்று கேட்டாள். இல்லை என்றான். நடுவில் சுகப்பட்டதையும், அந்தோனியார் ஏற்றுக்கொண்டார் என்று தான் நினைத்ததையும், பாஸ்காவோடு அது திரும்பி வந்ததையும், அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டதையும் சொன்னான்.

அஞ்சலா விரலை மடித்து எதையோ கணக்குப் பார்த்தாள். "தண்டிச்சது அந்தோனியார் இல்லை," என்றாள். "என்ரை ஆட்டிறைச்சிக் கறியாக்கும். வெளிக்கிடுங்கோ, டொக்டரிட்டைப் போவம்."

தாய் வீட்டுக்கென்று அடுக்கிய பையைத் திறந்து, அவனுடைய இரண்டு சேட்டையும் ஒரு சாரத்தையும் மேலே வைத்து மூடினாள். அவ்வளவுதான். பை மாறவில்லை, அது போகிற இடம்தான் மாறியது.

மறுநாள் போட்டில் போனார்கள். இங்கேதான் அவன் அடுத்த பிழையை விட்டான். தீவில் இருக்கிற எங்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும், போட்டிலே ஒதுங்க இடமில்லை. அதனால் பயணத்துக்கு முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிடுவோம். டினேஷ் முதல் நாள் மத்தியானத்தோடு நிறுத்தியிருந்தான். போட்டில் இருந்து இறங்கி, பஸ் ஏறி, யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் அவனுடைய முறை வந்தபோது நேர்ஸ் ஒரு சின்னப் போத்தலைக் கையில் கொடுத்து, சலம் கொண்டுவரச் சொன்னார். போனான். கால் மணித்தியாலம் கழித்து வெறும் போத்தலோடு திரும்பி வந்தான்.

டொக்டர் ஜெகதீஸ் நரைத்த மீசைக்காரர், அவசரப்படாதவர். என்ன வருத்தம் என்று கேட்டார்.

"முதுகு நோ, டொக்டர்."

"முதுகில்லை, டொக்டர்," என்றாள் பின்னால் நின்ற அஞ்சலா. "கீழை."

பிறகு அவளே சொன்னாள், சாம்பல் பூசிய நாளிலிருந்து. எந்தக் கிழமை எரிவு போனது, எந்த நாள் கறி வைத்தாள், எந்த நாள் திரும்ப வந்தது. டொக்டர் எல்லாவற்றையும் எழுதினார். பொய் நேர்த்தி வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். கனபேர் தன்னிடம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்வதில்லை என்றார். கையுறை போட்டு, பின்வழியால் விரல் விட்டுப் பார்த்தார். டினேஷ் பயந்த அளவுக்கு அது இல்லை, ஒரு நிமிடத்தில் முடிந்தது. இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். இரண்டு போத்தல் தண்ணீர் குடித்த பிறகு அந்தச் சின்னப் போத்தலும் நிறைந்தது.

இரண்டு கிழமையில் முடிவுகள் வந்தன. டொக்டர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். சலப்பைக்குக் கீழே கொட்டைப்பாக்களவில் ஒரு சுரப்பி, பெயர் புரொஸ்டேட், ஆண்களுக்கு மட்டும் உள்ளது. சலம் போகிற குழாய் அதற்கு நடுவால்தான் போகிறது. அந்தச் சுரப்பியும் அதைச் சுற்றியுள்ள இடமும் அழற்சிப்பட்டு மாதக்கணக்கில் நொந்தால் இப்படித்தான் இருக்குமாம். சிலருக்குக் கிருமியால் வரும், அவர்களுக்குக் கிருமிக்கான மருந்தை நாள் தவறாமல், சொன்ன காலம் முழுவதும் கொடுக்க வேண்டும். இன்னொருவரின் பல்லுக்குக் கொடுத்த ஐந்து குளிசை எதற்கும் உதவாது. டினேஷின் சலத்தில் கிருமி எதுவும் தெரியவில்லை. கனபேருக்கு அப்படித்தான் என்றார். நோவால் அடிப்பக்கத்துத் தசைகள் இறுகும், இறுகினால் நோ கூடும், பயந்தால் இன்னும் இறுகும்.

"புற்றுநோயோ, டொக்டர்?" தகப்பனை நினைத்துக்கொண்டு கேட்டான்.

இல்லை என்றார். அது வேறு, இது வேறு. தகப்பனுக்கு இருந்தபடியால் வயது போகப் போக ஒழுங்காகச் சோதித்துக்கொண்டால் சரி. பிறகு அவன் கேட்க வெட்கப்பட்ட கேள்விக்குத் தானாகவே மறுமொழி சொன்னார். "இது உங்களிட்டையிருந்து இவவுக்குத் தொத்தாது. நீங்கள் எங்கையும் போய் வாங்கிக்கொண்டு வந்ததுமில்லை. தள்ளிப் படுக்க வேண்டிய தேவையே இல்லை."

அஞ்சலா தாளைப் பார்த்தபடி இருந்தாள். அவளுடைய கை மேசைக்குக் கீழே அவனுடைய கையைத் தேடிப் பிடித்தது. இந்த முறை அவன் விலக்கவில்லை.

ஒரு நாளில் போகிற வருத்தம் இல்லை, போய்ப் போய் வரும், ஆனால் கனபேருக்குத் தணியும் என்று சொல்லித்தான் டொக்டர் அனுப்பினார். சலம் சுகமாகப் போகக் குளிசை கொடுத்தார். இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பிய பேசினில் கால் மணித்தியாலம் இருக்கச் சொன்னார். அப்போது மூச்சை மெல்ல விட்டு, கீழே இறுக்கி வைத்திருப்பதைத் தளர்த்த வேண்டும். உறைப்பும் தேத்தண்ணியும் சாராயமும் எல்லாருக்கும் குழப்படி செய்வதில்லை, இவனுக்குச் செய்கிறது, அதை நாற்பது நாள் சோதித்துப் பார்த்தாயிற்று. தண்ணீரை மட்டும் நிறுத்தக்கூடாது. வற்றி வருகிற சலம்தான் கூடுதலாக எரிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சலா ஒரு பழைய உயிர்காப்பு அங்கியைப் பிரித்தாள். உள்ளே இருந்த பஞ்சுத் தட்டை நடுவில் வட்டத் துளை விட்டு வெட்டி, தடித்த துணியால் உறை தைத்துப் படகுப் பலகைக்கு ஒரு மெத்தை செய்தாள். முதல் நாள் அதைக் கண்ட குருசுமுத்துவுக்குக் கொண்டாட்டம்.

"என்னடா, உனக்குக் கதிரையும் வந்திட்டுதோ? நாளைக்குக் குடை பிடிக்க ஆள் வருமோ?"

டினேஷ் மெத்தையில் இருந்தான், தண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்தான், படகை எடுத்தான். நடுக்கடலில் இரண்டு தரம் எழும்பி நின்று இடுப்பை நிமிர்த்தினான்.

மூன்று மாதத்தில் அந்தக் கல் கூழாங்கல்லாயிற்று. சில நாள் அதையும் காணவில்லை. மாரி தொடங்க ஒரு கிழமை திரும்பவும் வந்தது. அவன் முகம் கறுத்ததைக் கண்டு, அஞ்சலா ஒன்றும் கேட்காமல் பேசினில் தண்ணீர் சுடவைத்து ஊற்றி, மிளகாய்த்தூள்ப் போத்தலை மேலே ஏற்றினாள். அது மெல்லத் தணிந்து போயிற்று.

இன்னொரு நாள், வலை இழுத்து முடிந்த களைப்பில், குருசுமுத்து கரையைப் பார்த்தபடி, அந்தக் குளிசையின் பெயர் என்ன என்று கேட்டார். ஏன் என்று கேட்டான் டினேஷ். சும்மா என்றார். வலையை ஒதுக்கி வைத்துக்கொண்டே, இரவில் ஐந்தாறு தரம் எழும்ப வேண்டிக் கிடக்கிறது, இரண்டு வருடமாக என்றார்.

"குளிசை தரமாட்டன், அண்ணை," என்றான் டினேஷ். "உங்களுக்கு வேறை என்னவோ. திங்கக்கிழமை கிளினிக். நானும் வாறன். முதல் நாள் தண்ணியை நிப்பாட்டிப்போடாதேங்கோ."

குருசுமுத்து தலையாட்டினார். பிறகு மெத்தையைக் காட்டி, கொஞ்ச நேரம் அதில் இருக்கட்டுமா என்று கேட்டார்.

அடுத்த திருநீற்றுப் புதனுக்கு முதல் நாள் அஞ்சலா புருசனிடம் கண்டிப்பாக ஒன்று சொன்னாள். புனிதருக்குச் சொன்ன பொய்யை அப்படியே விட ஏலாது, இந்த முறை உண்மையாகவே நேர்த்தி வைக்க வேண்டும். என்ன நேர்த்தி என்று கேட்டான்.

"நோவெண்டால் அண்டைக்கே எனக்குச் சொல்லுறதெண்டு வையுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

இரண்டு பேரும் கச்சதீவு மணலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று அதையே வைத்தார்கள். பாய் ஒன்றுதான் விரிக்கிறார்கள், விறாந்தையில் இல்லை, உள்ளே.

இவ்வளவுதான் கதை. இருந்து கேட்ட உங்கள் வீட்டுக் குடத்தில் என்றைக்கும் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கட்டும். உங்கள் வீட்டு ஆண்கள் கடலுக்குப் போனாலும் வயலுக்குப் போனாலும் நோவில்லாமல் திரும்பி வரட்டும். நோ வந்தால் அதைச் சொல்ல வாய் வரட்டும், கேட்கிறவருக்குப் பொறுமை வரட்டும். உங்கள் வாசலில் அடுக்கி வைத்த பைகள் எல்லாம் நல்ல இடத்துக்கே போய், இரண்டு பேரையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டு வரட்டும்.