பெரிய பொட்டு

யோகேஸ்வரியின் குளியலறைக் கண்ணாடியில் முகம் பார்க்க இடமிருக்காது. குளிக்கும் முன் கழற்றி ஒட்டிய பொட்டுகள்தான் அதில் நிறைந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவள் வெறும் நெற்றியோடு வாசலைத் தாண்டியதில்லை. செனாயில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் முகக்கவசம் மாட்டி நிற்கும்போதுகூட நெற்றியில் பொட்டு இருக்கும்.

போன தைப்பூசத்தின்போது பொட்டுக்கு அடியில் கடுகளவு வெள்ளை விழுந்தது. அரிப்பு வேறு. யார் கண்ணிலும் படக்கூடாதென்று அவள் செய்த காரியம் இருக்கிறதே, கொஞ்சம் பெரிய பொட்டாக வாங்கி மறைத்தாள். வெள்ளை அதையும் தாண்டியது. இன்னும் பெரிய பொட்டு வாங்கினாள். அதற்கு மேல் பெரிய பொட்டு கடையில் இல்லை என்றான பிறகுதான் ஜொகூர் பாருவில் தோல் டாக்டரிடம் போனாள்.

"வெண்குஷ்டமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, பொட்டுல இருக்கிற பசை. சில பேருக்கு அது தோல் நெறத்தையே எடுத்துடும். இனிமே ஒட்டாதீங்க. புண்ணு ஆறுற வரைக்கும் குங்குமமும் வேணாம்."

வீட்டுக்கு வந்து பொட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் சோப்புப் போத்தலில்கூட உள்ளே என்னென்ன இருக்கிறதென்று எழுதியிருக்கிறார்கள். நாள் முழுக்க நெற்றியில் கிடக்கும் பசைக்கு ஒரு வரி இல்லை. பொட்டு வைத்த பெண்ணொருத்தி சிரிக்கும் படம் மட்டும் இருந்தது. யோகேஸ்வரி அட்டையைக் குப்பைத் தொட்டியில் வீசினாள்.

அடுத்த மாதம் மகன் லோகேஸ்வரனின் கல்யாணம். மருமகளைத் தன் கையால் ஆரத்தி எடுத்து வீட்டுக்குள் அழைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. கணவரின் அக்கா பிரேமலா ஓர் அட்டைப் பொட்டோடு வந்து நின்றாள்.

"ஒரு நாளுதானே, ஒட்டிக்க. வெறும் நெத்தியோட ஆரத்தி எடுத்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? என் தம்பி உயிரோட இருக்கான் லா."

கல்யாணத்தன்று காலை அந்தப் பொட்டில் ஒன்றை உரித்து நெற்றி வரைக்கும் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது. மறைக்க மறைக்கத்தானே இது இவ்வளவு வளர்ந்தது? பொட்டைக் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டுக் கிளம்பினாள்.

கூலாய் கோயிலில் தாலி கட்டும் வரை எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. மதியம் மணமக்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் பிரேமலா ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இரு யோகா. என் மக சாந்தினி எடுக்கட்டும். நல்ல காரியம்."

யோகேஸ்வரிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் முந்திக்கொண்டது.

"அண்ணி, உங்க தம்பி உயிரோட இருக்காருன்னு என் நெத்திதான் சாட்சி சொல்லணுமா? அதோ கூடாரத்துக்கு அடியில மூணாவது வடைய கடிச்சிக்கிட்டு இருக்காரு. போய்ப் பாத்துட்டு வாங்க."

அவள் கணவர் விஜயன் வாயில் வடையோடு கையைத் தூக்கிக் காட்டினார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. யோகேஸ்வரி சிரிக்கவில்லை.

"தப்பு பண்ணது அந்தப் பசை. அதுக்கு நான் ஏன் ஒளிஞ்சிக்கணும்? என் மருமகள நான்தான் கூப்பிடுவேன். தட்டக் குடுங்க."

பிரேமலாவின் பிடி தளர்ந்தது.

தட்டை ஏந்தி எதிரே வந்து நின்ற மாமியாரின் நெற்றியை மணப்பெண் ஷாமளா கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, எனக்கும் காலையிலேருந்து அரிக்குது. எடுத்துடவா?"

"எடும்மா."

கல் வைத்த பெரிய பொட்டு உரிந்து வந்தது. அடியில் தோல் சிவந்திருந்தது. யோகேஸ்வரி அதை வாங்கித் தட்டின் அடியில் ஒட்டினாள். நிதானமாகச் சுற்றி முடித்து, ஆரத்தி நீரைத் தொட்டு மகனுக்குப் பொட்டு வைத்தாள். மருமகளின் நெற்றியைத் தொடவில்லை.

"வலது கால எடுத்து வச்சு உள்ள வாம்மா" என்றாள்.