தன் பெயர் தெரியாத மெஷின்

அக்கா மேல்மாடியில் படுத்திருந்தாள். வயிற்றிலிருந்து எடுத்த சதையின் சோதனை முடிவு வந்தால்தான் ஆபரேஷனா, வீட்டுக்கா என்று டாக்டர் சொல்வார். மதியத்துக்குள் வராவிட்டால் ஆபரேஷன் தியேட்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். வெளி லேபிலிருந்து காலையிலேயே மெயில் அனுப்பிவிட்டார்களாம். போனில் சொல்ல மாட்டார்களாம்.

அதே ஆஸ்பத்திரியில் பாரம் தூக்குகிறவன் நான். கருகிப்போன மெயில் மெஷினுக்குப் பதிலாகப் புதியதைச் சுமந்துபோய் வைத்ததும் நான்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயிலும் வரவில்லை என்று நர்ஸ் சொன்னதும், மறுபடி கீழே அந்த மெஷின் அறைக்கு இறங்கினேன்.

அக்கா விஷயத்தைச் சொன்னதும், மெஷினைச் சரிபார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியரம்மா திரையைக் காட்டினார்.

"பாருங்கண்ணே. பெரிய மெஷின் படுத்துட்டா, துணை மெஷின் ரெண்டுல ஒண்ணு மெயிலை வாங்கிப் பத்திரமா வச்சிருக்கணும். இதுங்க ரெண்டும் என்னடான்னா, சம்பந்திங்க மாதிரி 'நீங்க வச்சுக்கோங்க, நீங்க வச்சுக்கோங்க'ன்னு தள்ளிவிட்டுக்கிட்டு இருக்கு."

நரை விழுந்த பிறகு எழுத்துப் படித்தவன் நான். விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். கைமாறிய இடமெல்லாம் முத்திரை. துணை ஒன்று, துணை இரண்டு, மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு.

"இப்படியே சுத்தினா என்னம்மா ஆகும்?"

"ஒரு அளவுக்கு மேல போனா, அனுப்பினவங்களுக்கே திருப்பி அனுப்பிரும்." சொல்லிக்கொண்டே இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒயரைப் பிடுங்கினார்.

போன் அடித்தது. மேலதிகாரி. "தேங்கினதெல்லாம் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிங்க" என்றது எனக்கே கேட்டது.

"உள்ள இவரோட அக்கா இருக்காங்க சார்" என்று போனை வைத்துவிட்டார்.

தேடிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. போன வாரம்தான் துணை ஒன்றுக்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள். புதுப் பெயரை ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் அதனிடம் சொல்லவில்லை. மெயில் வாங்கவேண்டிய மெஷின்களின் பட்டியலில் தன் பெயரைப் பார்த்தும் வேறு யாரோ என்று நினைத்து, அடுத்ததிடம் தள்ளியிருக்கிறது; அதுவோ முறைப்படி முதல் ஆளிடமே திருப்பியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூலிப் பலகையில் என் பெயருக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, "என் பேர் இருக்கா?" என்று பக்கத்து ஆளைக் கேட்டவன்தானே நானும்.

பெயரைச் சேர்த்து, ஒயரை மாட்டி, புது மெஷினைத் திறந்துவிட்டார். தேங்கியிருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக அதற்குள் இறங்கின.

"அக்காவோடது டாக்டருக்குப் போயிருச்சுண்ணே. நான் பிரிச்சுப் பாக்கல."

கருகிய மெஷினைத் தோளில் வைத்துப் படியேறினேன். பாதியில் அக்கா வீட்டுக்காரர் எதிரே ஓடிவந்தார்.

"தியேட்டருக்குக் கொண்டுபோறாங்க மாப்ள. உன்னப் பாக்கணும்கிறா."

"வர்றேன் மாமா."

எந்தப் பாரத்தையும் நடுவழியில் இறக்கியவன் இல்லை நான். அன்று அந்த மெஷினைப் படியிலேயே வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.